வயற்கணக்கு யார் கையில்?
ஊர்ப்புற டிஜிட்டல்மயமும் உழவின் கரிமச் சிக்கனமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இச்சங்கம் தொடங்கப்பெற்ற நாளில் நம் தெருவின் மாலை வகுப்புக்கு இருந்த உடைமைகள் ஒரு கரும்பலகையும் ஒரு குண்டு விளக்கும்தான். இன்று அதே தெருவில் கைப்பேசி இல்லாத வீட்டைத் தேடிப் பார்க்கவேண்டியிருக்கிறது. பட்டா நகலும் வானிலையும் நெல் விலையும் உர இருப்பும் அந்தச் சிறு கண்ணாடிக்குள் வந்துவிட்டன. இம்மாற்றம் உழவை எவ்வாறு மாற்றுகிறது, உலகத்தைச் சுடவைக்கும் வாயுக்களை அது குறைக்கிறதா, அதில் நமது இடம் யாது என்பவை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். பள்ளி ஆசிரியன் என்ற முறையிலும், டெல்டா மாவட்டத்தில் நாற்று முடி தூக்கிய தாய்க்கும் மடை திறந்த தந்தைக்கும் பிறந்தவன் என்ற முறையிலும், அறிந்ததைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் 'கரிமச் சிக்கனம்' என்ற சொல்லை விளக்கிவிடுகிறேன். சைக்கிளில் சந்தைக்குச் செல்பவரும் லாரியில் செல்பவரும் ஒரே ஒரு மூட்டையைத்தான் கொண்டுவருகிறார்கள் என்றால், யார் சிக்கனமானவர் என்று சொல்லத் தேவையில்லை. அதுபோல ஒரு கிலோ நெல்லை விளைவிக்க எவ்வளவு கரியமில வாயுவையும் அதற்கு இணையான பிற வாயுக்களையும் காற்றில் விடுகிறோம் என்பதே உழவின் கரிமக் கணக்கு. அந்த அளவு குறையக் குறையச் சிக்கனம் கூடுகிறது. இந்திய நாடு வெளியிடும் வெப்ப வாயுக்களில் வேளாண்மையின் பங்கு, 2020ஆம் ஆண்டுக்கான அரசின் கணக்குப்படி, ஏறத்தாழ 14 விழுக்காடு. ஆடு மாடுகளின் செரிமானம், நெல் வயல், இரசாயன உரம் இட்ட மண் ஆகிய மூன்றும் அதில் பெரும்பகுதி. டீசலும் பம்புசெட் மின்சாரமும் வேறு தலைப்பில் எழுதப்படுகின்றன. எனினும் அவையும் உழவின் செலவுகளே.

நெல் வயலை எடுத்துக்கொள்வோம். நீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அங்குள்ள தாளையும் தழையையும் சிதைத்து மீதேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீதேன், 27 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சுடவைக்கும். தெற்காசியாவுக்கென அறிஞர்கள் வகுத்துள்ள சராசரிப்படி, எப்போதும் நீர் நிற்கும் ஒரு எக்டேர் நெல் வயல் நாளொன்றுக்கு 0.85 கிலோ மீதேன் விடுகிறது. பயிர் வயலில் நிற்பது 110 நாள் என்று கொண்டால், ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 38 கிலோ; அதாவது 1,000 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். அவ்வேக்கரில் 2,000 கிலோ நெல் விளைந்ததாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோ நெல்லும் அரைக் கிலோ வாயுவைச் சுமந்து வருகிறது.

இதைக் குறைக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு முழத்திற்கும் குறைவான, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய்த் துண்டு போதும். அதன் கீழ்ப்பாதியில் துளையிட்டு அந்தப் பாதியை மண்ணுக்குள் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட்டால், நிலத்தடியில் நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரியும். மண் மட்டத்திற்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி நீர் பாய்ச்சவேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் நீரை வற்றவிடலாகாது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் முன்னோர் வழங்கிய சொல்லுக்கு இன்று அளவுகோல் கிடைத்திருக்கிறது. பலமுறை இவ்வாறு காயவிடும் வயலில் மீதேன் ஏறத்தாழ 45 விழுக்காடு குறையும் என்பது உலக அறிஞர் குழுவின் கணக்கு. மேற்கூறிய அரைக் கிலோ, கால் கிலோவுக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். விளைச்சலோ குறைவதில்லை.

அடுத்து யூரியா. 45 கிலோ மூட்டையில் 46 விழுக்காடு தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. சோளம், பருத்தி, கரும்பு போன்ற பயிர்களுக்கு இடும்போது அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகப் பறந்துவிடுகிறது. நூற்றுக்கு ஒரு பங்குதான். ஆனால் அவ்வாயு ஒரு கிலோ, கரியமில வாயு 273 கிலோவுக்குச் சமம். யூரியா கரையும்போது வெளிவரும் கரியமில வாயுவையும் சேர்த்தால், வீணாக இட்ட ஒவ்வொரு மூட்டையும் ஏறத்தாழ 120 கிலோ. தொழிற்சாலையில் அதனைச் செய்ய எரித்த எரிவாயு இதில் சேரவில்லை.

மூன்றாவது மின்மோட்டார். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 4 யூனிட். நிலக்கரியை மிகுதியாக நம்பியிருக்கும் நம் நாட்டின் மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. எனவே ஒரு மணி நேர ஓட்டம் மூன்று கிலோ அளவுக்கு வரும். உழவர்க்கு மின்கட்டணம் இல்லாமையால் அது எவர் பையையும் கடிப்பதில்லை. ஆகவே எவர் கண்ணிலும் படுவதில்லை.

இம்மூன்று இடத்திலும் டிஜிட்டல் கருவி துணைபுரிய வல்லது. நாளை மழை என்று இன்றே தெரிந்தால் நீரும் பாய்ச்சவேண்டாம், உரமும் இடவேண்டாம். 2018இல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியில் வானிலையும், உர இருப்பும், வாடகை இயந்திரமும் பார்க்கலாம். இல்லாத உரத்திற்குப் பலமுறை அலையும் வண்டிப் பயணம் மிஞ்சுகிறது. 2015 முதல் வழங்கப்பட்ட மண்வள அட்டை, எந்தச் சத்து எவ்வளவு போதும் என்று கூறுகிறது. கைப்பேசியால் மோட்டாரை நிறுத்தும் கருவி வந்தபின், மின்சாரம் வரும் நேரம் பார்த்து இரவெல்லாம் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்கும் வழக்கம் குறைந்திருக்கிறது. கைப்பேசிக்கும் மின்சாரம் வேண்டுமே என்று கேட்கலாம். ஓராண்டு முழுவதும் அதற்கு மின்னேற்றம் செய்ய ஐந்தாறு யூனிட் போதும். மோட்டார் அதனை ஒன்றரை மணி நேரத்தில் தின்றுவிடும். கோபுரங்களுக்கும் கணினி நிலையங்களுக்கும் ஆகும் செலவு தனி. அறிவாகப் பயன்பட்டால் அச்செலவு தகும். வேடிக்கைக்கு மட்டுமே பயன்பட்டால் தகாது.

அவ்வாறாயின் கருவி வந்த ஊரிலெல்லாம் கரிமம் குறைந்திருக்கவேண்டும் அன்றோ? நான் கண்ணாரக் கண்ட ஒரு காட்சியை உங்கள் முன் வைக்கிறேன்.

குறுவைப் பயிர் நின்ற காலம். இரவில் இடியுடன் நல்ல மழை. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குச் சென்றேன். நகரத்தில் வாழும் ஒருவரின் வயலில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வரப்பு முட்ட மழைநீர். அதன் மேல் குழாய்க் கிணற்று நீர் கொட்ட, மிகுந்தது வடிகாலில் ஓடியது. முதல் நாள்தான் அந்த வயலுக்கு யூரியா தூவியிருந்தார்கள். அதுவும் கூடவே போயிற்று. வரப்பின் மீது, எனக்கு அக்காள் முறையாகும் ஒரு கூலித்தொழிலாளி மண்வெட்டியுடன் நின்றிருந்தார். தம் பத்து வயது முதல் அந்த வயலில் பாடுபட்டவர்.

"மழை பெய்த செய்தியை அவரிடம் சொல்லக்கூடாதா அக்கா?" என்றேன்.

"யாருகிட்ட தம்பி சொல்றது? போனு போடுது, போனு நிறுத்துது. நம்மளக் கேட்டா போடுறாங்க? அவங்க நம்பரும் என்கிட்ட இல்ல" என்றார்.

நில உடைமையாளர் தீயவர் அல்லர். தினமும் நான்கு மணி நேரம் ஓடுமாறு கைப்பேசியில் குறித்துவைத்துவிட்டு உறங்கியிருந்தார், அவ்வளவே. ஆனால் அன்று காலை பன்னிரண்டு கிலோ கரியமில வாயு வீணே காற்றில் கலந்தது. உரமும் நீரும் ஓடிப்போயின. காய வேண்டிய சேறு காயவில்லை. அங்கே கருவி இருந்தது, அறிவும் இருந்தது. ஆனால் கருவி நகரத்து மாடியிலும் அறிவு வயல் வரப்பிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. அந்தப் பாலம் இல்லாமற்போனதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை அன்று. உழைப்பவரைக் கேட்கும் வழக்கம் இல்லாமையே. நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான். மண்ணில் நிற்பவரின் அறிவு கருவிக்குள் ஏறாதவரை, எத்துணைச் செயலிகள் வந்தாலும் உழவு சிக்கனமடையாது.

கருவிக்குள் அறிவு ஏறவேண்டுமானால் கணக்குக்குள் பெயர் ஏறவேண்டும். ஊர்ப்புற டிஜிட்டல்மயம் என்பதன் அடித்தளம் நிலப்பதிவேடு. பட்டா உள்ளவர்க்கே விவசாயி என்ற எண். அந்த எண்ணின் வழியாகவே உதவி. 2019இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் மைய அரசின் உழவர் உதவித் திட்டம், நிலம் உடைய குடும்பங்களுக்கே உரியது. வாய்மொழிக் குத்தகையில் உழுபவரும் கூலிக்கு உழைப்பவரும் அத்திரையில் தோன்றுவதே இல்லை. நமது மக்களில் பெரும்பாலோர் இவ்விரு வகையினர் என்பதை விளக்கவேண்டியதில்லை. நிலம் உடையோர்க்கும் துண்டு நிலமே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் தாழ்த்தப்பட்டோரின் சராசரிச் சாகுபடி அளவு ஒரு எக்டேருக்கும் குறைவு. மண்வள அட்டைக்காக நீர்ப்பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று வகுத்திருந்தனர். அப்படியானால் நமது அரை ஏக்கரின் அட்டையில் எழுதியிருந்தது பக்கத்து வயலின் மண்ணாகவும் இருக்கக்கூடும்.

நிலம் நமக்கு ஏன் இல்லை என்ற வரலாற்றை இளைஞர்கள் மறத்தல் கூடாது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்துப் பஞ்சமி நிலங்களை நமது மக்களுக்கென ஒதுக்கியது. பிறர்க்கு விற்கலாகாது என்ற விதியும் இருந்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதை நாடறியும். தவறாக எழுதப்பட்ட பழைய ஏடு கணினியில் ஏற்றப்பட்டால் தவறும் கணினியில் ஏறிவிடும். முன்னிலும் வலுவாக நிலைத்தும் விடும். அதே கணினிதான் எந்த நில அளவை எண் எவர் பெயரில் உள்ளது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கும் வாய்ப்பையும் தந்திருக்கிறது. முன்பு அதற்குக் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் கைகட்டி நின்றோம். இவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமல் விடுவது நமது குற்றமாகும்.

இனி, கூலியைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். மீதேனைக் குறைக்க நேரடி நெல் விதைப்பு நல்லது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் நடவு இல்லையேல் நம் தாய்மார்களின் நடவுக் கூலியும் இல்லை. டிரோன் மருந்து தெளித்தால் நம் பிள்ளைகளின் நுரையீரல் தப்பும். தெளிப்புக் கூலி போய்விடும். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட காலத்தில், 1968 டிசம்பர் 25ஆம் நாள், கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற கூலி, புகையைக் குறைக்கிறோம் என்ற பெயரால் சத்தமின்றிக் கரைந்துபோகலாகாது. இதனால் புதுமையை எதிர்க்கச் சொல்கிறேன் என்று கொள்ளவேண்டாம். டிரோனை இயக்கும் பயிற்சி நம் பெண்களுக்குக் கிடைக்கட்டும். நீர்மட்டக் குழாயைப் பார்த்து எழுதுவது ஒரு வேலை. அதற்கும் கூலி உண்டு என்று ஆகட்டும். கரிமத்தைக் குறைப்பவர் எவரோ அவருக்கும் அதன் பயன் சேரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதனை வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெல் வயலில் குறைத்த வாயுவைக் கணக்கிட்டு, அதனை வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்கும் 'கரிம வரவு' வணிகம் நாட்டுக்குள் வந்துவிட்டது. கைப்பேசியில் படம் எடுத்து, செயற்கைக்கோள் மூலம் பார்த்து, எண்ணைப் பதிகிறார்கள். சீன நாட்டில் இவ்வாறு பதிவுபெற்ற 37 நெல் திட்டங்களை, ஆய்வில் குறைகள் கண்டு, வரவுகளைப் பதிவுசெய்யும் உலக அமைப்பொன்று 2024இல் தள்ளுபடி செய்தது. வானத்திலிருந்து பார்ப்பது மட்டும் போதாது; சேற்றில் இறங்கி உண்மையை எழுதுபவர் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பட்டாதாரர். மடையை அடைத்துக் காயவிட்டுக் களையெடுப்பவர் வேறொருவர். நீரை வற்றவிட்டால் களை மிகும்; அதனைப் பறிக்கும் கை நமது கை. ஆகவே அந்தக் கைக்கும் பங்கு எழுதப்படவேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1918ஆம் ஆண்டு, இந்தியாவின் சிறு நில உடைமைகள் பற்றி ஓர் ஆய்வுரை எழுதினார். நிலத்தின் பரப்பை மட்டும் வைத்து அது கட்டுபடியாகுமா என்று தீர்மானிக்க இயலாது. அதனுடன் சேரும் உழைப்பும் முதலும் கருவியும் எந்த அளவில் உள்ளன என்பதே முக்கியம் என்பது அவர்தம் கருத்து. நூறாண்டு கடந்தும் அக்கருத்து பழையதாகவில்லை. இன்று அந்தப் பட்டியலில் செய்தியையும் நாம் சேர்க்கலாம். அரை ஏக்கர் உழவர்க்கு உரிய நேரத்தில் கிடைக்கும் ஒரு வானிலைச் செய்தி, ஒரு மூட்டை யூரியாவை மிச்சப்படுத்துமானால் அதுவும் முதலே.

இளைஞர்களே, சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நான்கு பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று: ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போடுங்கள். தெருவில் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பட்டாவையும் இணையத்தில் பார்த்துக் கொடுங்கள். இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற மனு எழுதுங்கள். பெண்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டு: ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம். நீர் பாய்ச்சிய நாள், மோட்டார் ஓடிய மணி, இட்ட உரம், கண்ட விளைச்சல் ஆகிய நான்கை எழுதினால் போதும். எட்டாம் வகுப்பு மாணவி இதனைச் செய்வாள். கரிமக் கணக்கு என்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை.

மூன்று: மாலைதோறும் ஒருவர் வானிலை அறிக்கையைப் பார்த்துத் தெரு ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். 1998இல் புதுச்சேரிப் பகுதியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையங்களில் ஒன்று, வீராம்பட்டினத்து மீனவர்க்கு அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில்தான் அறிவித்தது. படிக்கத் தெரியாதவர்க்கும் அது பயன்பட்டது. பொத்தான் கைப்பேசி மட்டும் உள்ளவர்கள் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையத்தைக் கட்டணமின்றித் தமிழில் கேட்கலாம்.

நான்கு: கரிம வரவு என்றோ, வேறு எப்பெயரிலோ, எவர் தாளை நீட்டினாலும் படித்து முடிக்காமல் கைநாட்டு வைக்கவிடாதீர்கள். எத்தனை ஆண்டு, யாருக்கு எவ்வளவு, உழைப்பவர்க்கு என்ன பங்கு என்று கேளுங்கள். கேட்பதற்குத்தானே படித்தோம்?

அச்சு இயந்திரம் அன்றைய புதுக் கருவி. அது பிறருடையது என்று நம் முன்னோர் ஒதுங்கி நிற்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினர். அச்செழுத்தில் தம் மக்களின் சொல்லை ஏற்றினர். இன்றைய கருவியில் நமது மண்ணறிவை ஏற்றுவது உங்கள் கடமை.

அன்று வரப்பில் நின்ற என் அக்காளின் எண்ணை, நான் அந்த நில உடைமையாளரிடம் கொடுத்தேன்; அவருடைய எண்ணை அக்காளுக்கும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மழைக்கு அவரே அழைத்து, "ஐயா, தண்ணி நிக்குதுங்க, மோட்டாரை நிறுத்துங்க" என்றாராம். மோட்டார் நின்றது. எந்த நிபுணரும் வராமல், எந்த நிதியும் வராமல், அன்று அவ்வயலில் கரிமம் குறைந்தது. ஒரு கூலித்தொழிலாளி சொன்னார், ஒரு நில உடைமையாளர் கேட்டார், அவ்வளவே நடந்தது. இது ஒவ்வொரு வயலிலும் நடைபெறும் காலத்தை உருவாக்க இச்சங்கம் பாடுபடட்டும்.